வருஷத்தில் ஒன்பது நிமிஷம்

போன் வந்தபோது ராத்திரி மணி பத்தரை. மிஷிகனில் இருக்கும் அக்கா மகன். இந்த நேரத்தில் அவன் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. குரலில் ஒரு தவிப்பு வேறு. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“மாமா, இப்ப 3.08 இருக்கு. 3.55-க்குப் போறதா, இல்ல ஒரேயடியா 4.10-க்கே போயிடறதா?”

வீட்டுக்கடன் வட்டி என்று நினைத்துக்கொண்டு, “எது கம்மியோ அதுலயே இருடா. எதுக்கு வம்பு?” என்றேன்.

“ஐயோ, வட்டி இல்ல மாமா. ரியர் ஆக்ஸில்!”

கார் விஷயம். இரண்டு வருஷம் முன்பு 1970-ம் வருஷத்து செவர்லே செவெல் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். வீட்டில் அவன் மனைவி கேட்டது ஒரு சோபா. “சோபா வீட்டுக்குள்ளேயே இருக்கும், இதில் உட்கார்ந்தால் மாக்கினாக் பாலம் வரை போகலாம்” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். மாக்கினாக் என்பது மிஷிகனின் இரண்டு துண்டு நிலத்தையும் இணைக்கிற ஐந்து மைல் நீளத் தொங்கு பாலம், 1957-ல் திறந்தது. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து நாலு, நாலரை மணி நேரம். இந்தப் பாலத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செவெல் போன்ற வண்டிகளுக்கு மஸில் கார் என்று பெயர். அறுபதுகளில் அமெரிக்கர்களுக்கு வந்த ஒரு ஆசை. நடுத்தர சைஸ் குடும்பக் காருக்குள் பெரிய காரின் வி-8 இன்ஜினைத் திணித்துவிடுவது. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் பெரும்பாலோர் இதன் ஆதி என்கிறார்கள். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமை இன்ஜினீயர் ஜான் டிலோரியனும் அவர் கூட்டாளிகளும் அதை நேரடியாக மீறவில்லை. டெம்பஸ்ட் லெமான்ஸ் என்ற சாதுவான காரை அப்படியே வைத்துவிட்டு, வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று 389 கன அங்குல இன்ஜினை ‘ஆப்ஷன்’ பட்டியலில் சேர்த்தார்கள். நம் லிட்டர் கணக்கில் சுமார் 6.4. விதிக்கும் பங்கமில்லை, வியாபாரத்துக்கும் பங்கமில்லை. பத்து வருஷம் அந்த ஜாதி கொடி கட்டிப் பறந்தது. அப்புறம் புகைக் கட்டுப்பாடு, இன்ஷூரன்ஸ், 1973-ன் எண்ணெய்த் தடை எல்லாம் சேர்ந்து அடக்கிவிட்டன. மிஞ்சிய வண்டிகளை இப்போது அக்கா மகன் மாதிரி ஆசாமிகள் ராத்திரி ராத்திரியாகப் பிரித்துப் பிரித்துச் சேர்க்கிறார்கள்.

சரி, இந்த 4.10 என்ன?

இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸைத் தாண்டி, நீளமான ஒரு தண்டு வழியாகப் பின்பக்கம் வந்து, அங்கே பக்கவாட்டில் திரும்பிச் சக்கரங்களுக்குப் போக வேண்டும். திரும்புகிற இடத்தில் ஒரு குண்டான இரும்புக் கூடு. அமெரிக்க மெக்கானிக்குகள் அதைச் செல்லமாகப் பூசணிக்காய் என்கிறார்கள். அதற்குள்ளே சின்னப் பல்சக்கரம் ஒன்று, பெரிய பல்சக்கரம் ஒன்று. நம் ஊர் லாரிப் பட்டறையில் கிரவுன், பினியன். பெரியதில் 41 பல், சின்னதில் 10 பல் என்றால் 4.10. சின்னதில் 15 பல் என்றால் 2.73. அவ்வளவுதான். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்கிற கணக்கு.

எண் பெரிதாக ஆக, உந்துகிற விசை கூடும், ஓட்டம் குறையும். கியர் சைக்கிளில் மேடு ஏறுகிறவர்களுக்கு இது கால் வழியாகவே தெரியும். இதில் சக்தி எதுவும் புதிதாக உண்டாவதில்லை. இன்ஜின் கொடுத்ததை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிக்கிறோம், வீட்டு பட்ஜெட் மாதிரி. புறப்படுகிற இடத்தில் அள்ளிக் கொடுத்தால் நெடுஞ்சாலையில் கையைப் பிசைய வேண்டும்.

அவன் டயர் 26 அங்குல உயரம். மணிக்கு 70 மைலில், அதாவது நம் 112 கிலோமீட்டரில், 3.08 இருந்தால் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,800 சுற்று. 4.10 போட்டால் 3,700. தொள்ளாயிரம் சுற்று என்பது எழுதினால் ஒரு எண். உள்ளே உட்கார்ந்தால் அது ஒரு மாவு மில். பெட்ரோலும் அதற்கேற்பக் குடிக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். கால் மைல் பந்தயம், 402 மீட்டர். நேர்க்கோட்டில் இரண்டு கார், பச்சை விளக்கு, பாய்ச்சல், முடிந்தது. இவன் காம்ஷாஃப்டை மாற்றி முறுக்கேற்றி வைத்திருக்கிற இன்ஜின், தன் முழு பலத்தைக் காட்டுவது 5,500 சுற்றுக்குப் பக்கத்தில். முடிவுக் கோட்டை 100 மைல் வேகத்தில் தாண்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 4.10 இருந்தால் அந்தக் கணத்தில் இன்ஜின் 5,300-ல் இருக்கும். 3.08 என்றால் நாலாயிரத்தைக்கூடத் தொடாது. அதாவது, இன்ஜின் பேச வாயைத் திறப்பதற்குள் கூட்டம் முடிந்து மைக்கை அணைத்துவிடுவார்கள்.

ஆகவே, ஒரு சாலைக்குச் சரியான எண் இன்னொரு சாலைக்குத் தப்பு. இரண்டு சாலையும் ஒரே ஆளுடையது. சிக்கல் அங்கேதான்.

அந்தக் காலத்தில் புதுக் கார் வாங்குகிறவர் ஆர்டர் ஃபாரத்திலேயே இதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. ஃபோர்டு ஒரு படி மேலே போனது. 428 கோப்ரா ஜெட் இன்ஜின் வாங்குகிறவர் பின் அச்சுக்கு 3.91 அல்லது 4.30 கேட்டால், கம்பெனியே ‘இந்த ஆள் பந்தயத்துக்குப் போகப்போகிறான்’ என்று முடிவுகட்டி, உள்ளே உறுதியான கனெக்டிங் ராடுகளும் ஆயில் கூலரும் வைத்துக் கொடுத்தது. டிராக் பேக் என்று அதற்குப் பெயர். ஒரு எண்ணை எழுதினால் போதும், நீங்கள் யார் என்று டெட்ராய்டுக்குத் தெரிந்துவிடும். ஜாதகத்தைவிட இது தேவலை என்று தோன்றுகிறது.

ஆனால், எழுதுகிறவன் உண்மையைத்தான் எழுதினானா?

அக்கா மகனுக்குப் பல்சக்கரம் பொருத்தித் தருகிறவர் ஒரு கிழவர். வாழ்நாள் பூராவும் அச்சுகளோடு குடித்தனம் செய்தவர். வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்பாராம். டயர் என்ன உயரம்? கியர்பாக்ஸ் எது? எங்கே ஓட்டுவாய்? முதல் இரண்டுக்கும் எல்லோரும் உண்மை சொல்வார்கள், மூன்றாவதற்கு எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது அவர் அனுபவம். பொய்யும் அவரிடம் சொல்வதில்லையாம், தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்களாம்.

இந்தப் பொய்யை மொத்தமாகப் பார்க்க ஒரு இடம் உண்டு. டெட்ராய்டின் உட்வர்ட் அவென்யூ. அறுபதுகளில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட சாலை. 1995-லிருந்து அங்கே ஆகஸ்ட் மாதம் ‘டிரீம் குரூஸ்’ என்று பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது. பாய்ச்சலுக்கென்றே 4.10-ம் 4.56-ம் போட்டு வளர்த்த வண்டிகள், முன்னால் போகிற வண்டியின் பம்பரை முகர்ந்தபடி, திருவிழாத் தேர் வேகத்தில் உறுமிக்கொண்டு நகர்கின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எத்தனை பேர் போன வருஷம் ஒரு தடவையாவது பந்தயத் தளத்துக்குப் போனார்கள்?

நான் போனில் ஒரு கணக்குப் போட்டேன்.

“வருஷத்துக்கு எத்தனை தடவைடா டிராக்குக்குப் போவே?”

“பத்து தடவை மாமா. நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் ஊர் பூரா உப்பு. வண்டியை வெளியே எடுக்க முடியாது.”

“ஒரு தடவை போனா எத்தனை ஓட்டம்?”

“நாலு.”

“ஒரு ஓட்டம் எவ்ளோ நேரம்?”

“பதினாலு செகண்ட்.”

பத்தை நாலால் பெருக்கி, பதினாலால் பெருக்கினேன். 560 செகண்ட். ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட். “டேய், வருஷத்துல ஒன்பது நிமிஷத்துக்காக மிச்ச வருஷம் பூரா மாவு மில்லுக்குள்ள உக்காரப் போறியா? 3.08-லயே இரு” என்றேன். வட்டி என்று நினைத்துச் சொன்ன அதே பதில். வயதானால் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலாகிவிடுகிறது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான்: “மாமா, நீங்க திருப்பதி போனா சாமி முன்னாடி எவ்ளோ நேரம் நிப்பீங்க?”

மாட்டிக்கொண்டேன். பதினாலு செகண்ட்கூட நிற்க விட மாட்டார்கள். அதற்காகப் பல மணி நேரம் வரிசையில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கணக்கை யாராவது எனக்குப் போட்டுக் காட்டியிருந்தால் நாஸ்திகன் என்று சண்டைக்குப் போயிருப்பேன்.

அன்று தூக்கம் வரவில்லை. என் கணக்கில் எங்கேயோ கோளாறு. ஒரு காரியம் நம் வாழ்க்கையில் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதும், அது எவ்வளவு கனம் என்பதும் வேறு வேறு. தாலி கட்ட எத்தனை செகண்ட் ஆகிறது? அதிக நேரம் நடப்பதற்கு ஏற்றபடி வாழ்க்கையை அமைப்பதுதான் புத்தி என்றால், நாமெல்லாம் வரிசையில் நிற்பதற்கு வசதியான செருப்பைத் தேடியே காலத்தை முடித்துவிடுவோம். மோசமில்லை. ஆனால் சந்நிதி என்று ஒன்று வேண்டாமா?

‘அப்படியென்றால் நடுவில் ஒன்று, 3.55 போட்டுத் தொலைக்கட்டுமே’ என்பீர்கள். நடுவழி என்றதும் அரிஸ்டாட்டிலைத் துணைக்கு இழுப்பது வழக்கம். அவர் இதைச் சொல்லவில்லை. நிகோமாகியன் அறநூலில் அவர் தருகிற உதாரணம் சாப்பாட்டைப் பற்றியது. பத்துப் பங்கு அதிகம், இரண்டு பங்கு கம்மி என்பதால், பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு பங்கு பரிமாறிவிட மாட்டார். மைலோ என்கிற மாமல்லனுக்கு ஆறு பத்தாது. நேற்று கோதாவுக்கு வந்த பையனுக்கு ஆறு ஜாஸ்தி. நடு என்பது எண்களுக்கு நடுவில் இல்லை, ஆளைப் பொறுத்தது என்கிறார். 3.55-ம் அப்படித்தான். முறுக்கேற்றிய இன்ஜினுக்கு அது பத்தாது. மனைவியின் காதுக்கு அது ஜாஸ்தி. இருவருக்கும் பாதிப் பாதி ஏமாற்றத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு அதை நியாயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

எந்திரக்காரர்கள் இந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. ஹாலிபிராண்ட் என்ற பெயரில் ஒரு பின் அச்சு உண்டு. பின்பக்க மூடியைக் கழற்றி இரண்டு பல்சக்கரங்களை மாற்றினால் சில நிமிஷத்தில் வேறு எண். வட்டத் தளப் பந்தயக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஓயாமல் கீச்சிடும் என்பது ஒரு குறை. ஃபோர்டின் 9 அங்குல அச்சில் பூசணிக்காயின் உட்புறத்தை முழுசாகக் கழற்ற முடியும் என்பதால், வீட்டுக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்களும் உண்டு. மற்றவர்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்துத் திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளும் சமாசாரமில்லை. பற்களின் மேல் மஞ்சள் சாந்து தடவி, சுற்றிப் பார்த்து, தடம் எங்கே விழுகிறது என்று கவனித்து, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிக்காகத் தகடு தகடாக வைத்தும் எடுத்தும் சரிசெய்கிற வேலை. கொஞ்சம் பிசகினாலும் ஆயுசுக்கும் ஊளையிடும்.

உண்மையான தப்பும் வழி ஓவர்டிரைவ். 1982-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த 700ஆர்4 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நாலாவது கியர் 0.70. பின்னால் 4.10 இருந்தாலும் நெடுஞ்சாலையில் அது 2.87 மாதிரி நடந்துகொள்ளும். இதுதான் மோட்சம் என்று நினைத்தால், அதன் முதல் கியர் 3.06. அவனிடம் இருக்கிற பழைய டர்போ 350-ல் முதல் கியர் 2.52. ஆகவே 4.10-ஐ வைத்துக்கொண்டு இதைப் போட்டால் முதல் கியர் 34 மைலுக்குள் தீர்ந்துவிடும். சரி, இந்த கியர்பாக்ஸுக்குப் பின்னால் 3.42 போட்டால்? புறப்படுகிற விசை ஏறக்குறைய பழைய பெட்டியும் 4.10-ம் சேர்ந்த அதே அளவு. ஆனால் நெடுஞ்சாலையில் இன்ஜின் 2,200-க்கு இறங்கிவிடும், அந்த வேகத்தில் முறுக்கேற்றின காம்ஷாஃப்ட் விக்கும், இருமும். காமை மாற்று. காமை மாற்றினால்... புரிகிறதல்லவா? அதோடு காசு. அச்சை மாற்றவே வீட்டில் பேச்சுவார்த்தை நடத்தியவன் அவன்.

கடைசியில் 4.10 போட்டான்.

போட்ட பிறகு அந்த ஒன்பது நிமிஷம் கிடைத்ததா என்றால், கிடைத்தது. முதல் ஓட்டம் முடிந்ததும் எனக்கு போன் செய்து சிரித்தான். வெறும் சிரிப்பு, ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வயதுக்காரன் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. கிழவரின் மூன்றாவது கேள்விக்கு அவன் பொய் சொல்லவில்லை. பத்து தடவை போவேன் என்றான், போகிறான். உட்வர்டில் உறுமிக்கொண்டு நகர்கிற கூட்டத்திலிருந்து அவன் அந்த அளவுக்கு வேறு.

எனக்கு உறுத்துவது பாலம்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவனும் மனைவியும் மாக்கினாக்குக்குக் கிளம்பினார்கள். போகும்போது நாலரை மணி நேரம், வரும்போது நாலரை மணி நேரம், 3,700 சுற்று. பாலத்தின் மேல் அவள் ஏதோ சொன்னாளாம், அவனுக்குக் கேட்கவில்லையாம். “என்ன?” என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறான். “ஒண்ணுமில்ல” என்றாளாம். அதற்கப்புறம் அவள் அந்த வண்டியில் தூரப் பயணம் வருவதில்லை. சண்டை எதுவும் இல்லை. தலைவலி என்பாள், அல்லது என் வண்டியில் போகலாமே என்பாள்.

நம் சந்நிதிக்காக வரிசையில் நாம் நிற்பது பக்தி. பக்கத்து சீட்டில் இருப்பவரையும் சேர்த்து நிற்க வைத்தால் அதற்கு என்ன பெயர்? என் கணக்கின் கோளாறு ஒருவேளை இங்கேதான். ஒன்பது நிமிஷமா, மிச்ச வருஷமா என்று கேட்டிருக்கக் கூடாது. அந்த ஒன்பது நிமிஷத்துக்கான பில்லை யார் கட்டுகிறார்கள், கட்டுகிறவரைக் கேட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும். அவளைக் கேட்டிருந்தால் அவளே 4.10 போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கவும் கூடும். சோபாவை விட்டுக்கொடுத்தவள்தானே. ஆனால் என்னைக் கேட்டான், கிழவரைக் கேட்டான். ஒன்பதாயிரம் மைல் தாண்டி ராத்திரி பத்தரைக்கு என்னை எழுப்பிக் கேட்க முடிந்தவனுக்கு, அடுத்த அறைக்குப் போய்க் கேட்கத் தோன்றவில்லை. இதை அவனிடம் சொன்னேன். “கேட்டா வேணாம்னுட்டா என்ன பண்றது மாமா?” என்றான். கேட்காமல் விடுவதற்கு உலகம் முழுக்க இதுதான் காரணம்.

இப்போது 700ஆர்4 வாங்கக் காசு சேர்க்கிறான். இந்தத் தடவை பேப்பரில் எண்களை எல்லாம் எழுதி மனைவியிடம் காட்டினானாம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம், அதில போட்டா பேசினா கேக்குமா என்று.

போன கோடையில் அக்காவும் அத்தானும் அங்கே போயிருந்தார்கள். அத்தானை செவெலில் உட்கார வைத்து ஐ-75 நெடுஞ்சாலையில் கூட்டிப் போயிருக்கிறான். அப்பாவின் காதையும் பெட்ரோலையும் உத்தேசித்து, வலது ஓரமாக 60 மைலில். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸின் வாலிலிருந்து வேகத்தை எடுத்துக்கொள்கிறது. பின் அச்சின் எண்ணை மாற்றினால் அங்கே இருக்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். 3.08-லிருந்து 4.10-க்குப் போனவன் 60-ல் போனால் 80 காட்டும். இவன் அதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருக்கிறான்.

அத்தான் ஊருக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “மாப்ளே, நம்ம பையன் எண்பது மைல்ல ஓட்டறான்யா. நூத்து முப்பது கிலோமீட்டர்! நானே மீட்டரைப் பாத்தேன். இன்ஜின் என்னமா உறுமுது! ஆனா எனக்குத் துளிக்கூட பயமா இல்ல, அவ்ளோ பக்குவமா ஓட்டறான். ஒண்ணுதான் புரியல. எண்பதுல போறப்பவே அத்தனை பேரும் எங்களை முந்திக்கிட்டுப் போறாங்க.”